நீதிபதிக்கு ஒரு மாறுதல் உத்தரவு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விட்டால் நாளைக்கு வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பேன் என்று மிரட்ட இப்போது முடியாது. ஆனாலும் யார் முழுக்கப் படித்தார்கள், யார் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள் என்று பின்னூட்டத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாறுதல் பற்றி யாரோ ஒரு செய்தியைப் போட்டார்கள். அதற்கு என் தங்கை மகன் எழுதினான்: “மாமா, டிரான்ஸ்ஃபர்ல என்ன இருக்கு? சம்பளம் அதேதான், பதவி அதேதான். நீங்களே சர்வீஸ்ல எத்தனை ஸ்கூல் மாறினீங்க? அதுக்காக அழுதீங்களா? ஜட்ஜுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?”

கேள்வி நியாயமானதுதான். குழுவில் இரண்டு வரியில் பதில் சொன்னால் சரியாக இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். ஆனால் மாறுதல் உத்தரவு என்ற காகிதத்தைப் பற்றி எந்த வக்கீலுக்கும் குறையாமல் எனக்குத் தெரியும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கலந்தாய்வில் வருவது. காலிப் பணியிடப் பட்டியலை எல்லோரும் பார்க்க ஒட்டியிருப்பார்கள், பணிமூப்பு வரிசைப்படி கூப்பிடுவார்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, விதி என்ன என்று தெரியும். இன்னொன்று, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், கல்வியாண்டின் நடுவில், ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொற்களோடு வருவது.

சத்துணவு வந்த புதிதில் நான் பார்த்த ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, மெமோ தரவில்லை, விசாரணை வைக்கவில்லை. அடுத்த மாதம் பேருந்தே போகாத ஒரு ஊருக்கு நிர்வாக நலன் கருதி மாற்றினார்கள், அவ்வளவுதான். சம்பளமும் பதவியும் மாறவில்லை. ஆனால் அவருக்குப் பின் அந்தப் பள்ளிக்கு வந்தவர், சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மாறுதல் உத்தரவு போனவரை மட்டும் தொடுவதில்லை என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். இருப்பவர்களும் வரப்போகிறவர்களும் அதைப் படித்துவிடுகிறார்கள்.

இதை நீதிபதிக்குப் பொருத்திப் பாருங்கள். நம் பகுதியில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் யாரை எதிர்த்துப் போகிறார்கள்? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும் வாய்க்கால் வரப்புத் தகராறும் உண்டுதான். ஆனால் விழுப்புரம் – புதுச்சேரி நான்கு வழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர், நஷ்டஈடு போதவில்லை என்று போனால் எதிரே நிற்பது அரசு. பட்டா ரத்தானவர், ஓய்வூதியம் நின்றவர், பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாகச் சொல்லி ஆட்கொணர்வு மனுப் போடும் தாய் என்று எல்லோருக்கும் எதிர்த்தரப்பு அரசுதான். இங்கிருந்து சிறிது தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அந்தப் பக்கத்து மனுவும் இந்தப் பக்கத்து மனுவும் கடைசியில் போய்ச் சேர்வது சென்னை உயர் நீதிமன்றத்துக்கே.

வழக்கின் ஒரு கட்சிக்காரர் கையில் நீதிபதியின் பணிப்பதிவேடும் இருந்தால் என்ன ஆகும்? என் மருமகனின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி இதுதான். இது புதிய கேள்வியும் அல்ல. 400 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு நீதிபதியின் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வியிலேயே ஓடியது.

அவர் பெயர் எட்வர்ட் கோக். பிறந்தது 1552-ல். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவர் மகான் அல்ல. அரசு வழக்கறிஞராக இருந்தபோது அரசரின் ஆளாகவே இருந்தார். 1603-ல் சர் வால்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கில் கூண்டில் நின்றவரை அவர் வாய்க்கு வந்தபடி ஏசியது இன்றும் அவர் பெயருக்கு இழுக்கு. 1606-ல் பொது வழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஆள் மாறினார்.

அப்போது அரசர் முதலாம் ஜேம்ஸ். அரசர் ஆண்டவனால் நியமிக்கப்பட்டவர், நீதிபதிகள் அவருடைய பிரதிநிதிகள், எனவே வேண்டிய வழக்கைத் தானே எடுத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. எனக்கும் பகுத்தறிவு இருக்கிறதே என்று கேட்டார். 1607-ல் கோக் சொன்ன பதிலின் சாரம் இது: அரசருக்கு அறிவு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் சட்டம் என்பது நீண்ட படிப்பாலும் பழக்கத்தாலும் வரும் தனி அறிவு. அரசர் எந்த மனிதருக்கும் கீழே இல்லை. ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழே இருக்கிறார்.

கோக் தன் கையால் எழுதி வைத்ததில் இது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. அரசர் கோபத்தில் கையை ஓங்க, கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டாராம். இரண்டும் நடந்திருக்கலாம். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பயமே இல்லாதவர்தான் நேர்மையாக இருக்க முடியும் என்றால் நம்மில் யாருக்கும் கதி இல்லை. மனிதர் தரையில் விழுந்தார், மறுநாள் எழுந்து வந்து அதே மாதிரித் தீர்ப்பு எழுதினார். 1610-ல், அரசர் வெறும் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டுப் புதிய குற்றத்தை உண்டாக்க முடியாது என்று மற்ற நீதிபதிகளோடு சேர்ந்து கருத்துச் சொன்னார்.

இவரை என்ன செய்வது? பிரான்சிஸ் பேக்கன் அரசருக்கு ஒரு யோசனை சொன்னார். அறிவியல் முறை பற்றிப் பாடப் புத்தகங்களில் படிக்கிறோமே, அதே பேக்கன்தான். டிஸ்மிஸ் வேண்டாம், மாறுதல் கொடுங்கள் என்பதே அந்த யோசனை. 1613-ல் கோக்கை அரசர் மன்றத்தின் தலைமை நீதிபதியாக மாற்றினார்கள். பெயரளவில் அது பெரிய பதவி. வருமானம் குறைவு, அரசரோடு மோதும் வழக்குகளும் அங்கே குறைவாக வரும் என்பது கணக்கு. பழைய நீதிமன்றத்தை விட்டுப் போகும்போது கோக் அழுதார் என்றும், கூட இருந்தவர்களும் அழுதார்கள் என்றும் அந்தக் காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். மருமகனே, “அழுதீங்களா” என்று கேட்டாயே, அவர் அழுதிருக்கிறார்.

ஆனால் கணக்குத் தப்பியது. 1615-ல் பீச்சம் என்ற பாதிரியார் மீது ராஜதுரோக வழக்கு. விசாரணைக்கு முன்பே நீதிபதிகளைத் தனித்தனியாகப் பார்த்து ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்க ஆளனுப்பினார் அரசர். இப்படிக் காதோடு காதாகக் கருத்து வாங்குவது இந்த நாட்டின் வழக்கம் இல்லை என்று கோக் ஆட்சேபித்தார்.

1616-ல் உச்சக்கட்டம் வந்தது. அரசரின் உரிமை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கை நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவு போனது. நிறுத்த முடியாது, அது எங்கள் சத்தியப் பிரமாணத்துக்கு விரோதம் என்று 12 நீதிபதிகளும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். அரசர் அவர்களை நேரில் வரவழைத்துக் கடிதத்தைக் கிழித்தார். 12 பேரும் மண்டியிட்டார்கள். பிறகு அரசர் ஒரு கேள்வி கேட்டார்: இனிமேல் என் நலன் சம்பந்தப்பட்ட வழக்கை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? 11 பேர் நிறுத்துகிறோம் என்றார்கள். கோக் மட்டும், அப்படி ஒரு வழக்கு வரும்போது ஒரு நீதிபதி செய்யத் தக்கதைச் செய்வேன் என்றார். அவரும் மண்டியிட்டபடிதான் இருந்தார். அந்த வருடம் நவம்பரில் பதவி போனது.

பதவி போனதும் அவர் முடங்கவில்லை. நாடாளுமன்றத்துக்குப் போனார், அரசரை எதிர்த்ததற்காகச் சிறையிலும் இருந்தார். 1628-ல் குடிமக்களின் உரிமை மனு நிறைவேற முன்னின்றார். 1634-ல் இறந்தார். மாறுதல் யோசனை சொன்ன பேக்கன் நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவிக்கு வந்து, 1621-ல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியேறினார். கோக் இறந்து ஏறக்குறைய 70 வருடம் கழித்து, 1701-ல்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை நீதிபதியை அரசர் நினைத்தபடி நீக்க முடியாது என்று அங்கே சட்டம் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தங்கள் நாட்டுக்கு 1701-லேயே அந்தப் பாதுகாப்பைச் செய்துகொண்ட ஆங்கிலேயர், நமக்கு உயர் நீதிமன்றங்கள் அமைக்க 1861-ல் சட்டம் செய்தபோது என்ன எழுதினார்கள் தெரியுமா? நீதிபதிகள் மகாராணியின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்று எழுதினார்கள். 160 வருடம் முன்பு அவர்கள் வீட்டில் ஒழித்த வழக்கம் நம் வீட்டுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் அப்படித்தான் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பின் நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இதைக் கவனித்தார்கள். உயர் நீதிமன்ற நீதிபதியைப் பதவிநீக்கம் செய்ய வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட வேண்டும். சம்பளத்தையும் குறைக்க முடியாது. முன் வாசலில் நல்ல பூட்டுத்தான். ஆனால் 222-ஆவது பிரிவில் ஒரு சின்னக் கதவு இருந்தது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்து, ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியை வேறு உயர் நீதிமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர் மாற்றலாம். கீழ் நீதிமன்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றமே சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்கும். அது நம் பொதுமாறுதல் போல எல்லோருக்கும் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அப்படி ஒரு வழக்கமான சுற்று இல்லை. அதனால் அங்கே ஒருவருக்கு உத்தரவு வந்தாலே, இவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சின்னக் கதவு அகலத் திறந்தது. 1976-ல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாற்றப்பட்டார்கள். குஜராத்திலிருந்து ஆந்திராவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சங்கல்சந்த் சேத், உத்தரவுப்படி போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு வழக்குப் போட்டார். அடங்கி நடந்த பிறகு எதிர்த்துக் கேட்டவர். அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே வருடம் ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. நெருக்கடி நிலையில் காரணம் இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைத்தாலும் அவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் அது தவறு என்று தனியாக எழுதினார். எழுதும் முன்பே, இதனால் எனக்குத் தலைமை நீதிபதி பதவி போகும் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அப்படியே ஆனது. 1977 ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த பேக் தலைமை நீதிபதி ஆனார். கன்னா ராஜினாமா செய்தார். அந்த 4 பேரில் ஒருவர் அப்போதே தலைமை நீதிபதி, மற்ற மூவரும் பின்னால் ஒவ்வொருவராக அந்தப் பதவிக்கு வந்தார்கள். 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. அதற்குள் 41 வருடம் ஓடியிருந்தது.

கன்னாவின் பெயர் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். நம் தமிழ்நாட்டு நீதிபதி ஒருவரின் கதை அந்த அளவுக்குத் தெரியவில்லை. அவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில்.

கம்பராமாயணம் என்றால் காது கொடுக்கும் என் வயதுக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1921-ல் நாகூரில் பிறந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகப் பல காலம் இருந்தவர். ஒரு முஸ்லிம் நீதிபதி மேடையேறி ராமகாதையைப் பேச, சபை மெய்மறந்து கேட்ட காலம் அது. வாலிவதையைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மறைந்து நின்று அம்பு விட்டது நியாயமா என்று ராமனையே கேள்வி கேட்கும் இடம் அல்லவா அது. நீதிபதிக்கு ஏற்ற இடம்தான்.

1967-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகி, அதே வருடம் சென்னைக்கு வந்தார். 1976 ஜனவரி 31 அன்று இங்கே மாநில ஆட்சி கலைக்கப்பட்டதும், மிசா சட்டத்தில் பலர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டதும் அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சிறைக்குள் கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரிக்க, நெருக்கடி நிலை முடிந்த பின் அமைத்த ஆணையத்துக்கு இஸ்மாயில்தான் தலைவர். அடித்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1979 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். 1980-ல் சில நாட்கள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

1981 ஜனவரியில் அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கும், பாட்னா தலைமை நீதிபதி கே. பி. என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி உத்தரவு வந்தது.

அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்த என் போன்ற பிள்ளைகளுக்கு அதன் கனம் புரியவில்லை. சென்னையிலிருந்து கொச்சிக்கு ஓர் இரவு ரயில். சம்பளம் அதே, பதவி அதே. இன்றைக்கு என் மருமகன் கேட்பதை அன்று நானும்தான் கேட்டிருப்பேன்.

அரசு சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி வெளி மாநிலத்தவராக இருப்பது நல்லது, உள்ளூர்ச் சாதி, உறவு, கட்சித் தொடர்புகள் இல்லாமல் இருக்கும், தேசிய ஒருமைப்பாட்டுக்கும் உதவும் என்றார்கள். தள்ளிவிட முடியாத காரணம்தான் அது. ஆனால் பொது விதி என்றால் பொதுவாக வர வேண்டும். பட்டியல் போட்டு எல்லோரையும் மாற்றாமல் முதலில் இரண்டு பேரை மட்டும் மாற்றினால், பார்க்கிறவர்கள் விதியைத் தேட மாட்டார்கள், அந்த இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்றுதான் தேடுவார்கள்.

அந்த மார்ச் மாதம் மத்திய சட்ட அமைச்சரின் சுற்றறிக்கை ஒன்றும் போனது. கூடுதல் நீதிபதிகளிடம், வேறு மாநிலத்தில் நியமித்தால் போகிறேன் என்று சம்மதம் எழுதி வாங்கச் சொல்லி முதலமைச்சர்களுக்கு அனுப்பியது. கூடுதல் நீதிபதி என்றால் பதவி இன்னும் நிரந்தரம் ஆகாதவர். நிரந்தரம் ஆகக் காத்திருக்கும் ஒருவரிடம் சம்மதக் கடிதத்தை நீட்டினால் அவர் எப்படி மறுப்பார்? அரசர் ஜேம்ஸ் 12 பேரை மண்டியிட வைத்து, இனிமேல் சொன்னபடி கேட்பீர்களா என்று கேட்டது எனக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே யாரும் மண்டியிடவில்லை, எல்லாம் காகிதத்திலேயே நடந்தது.

இஸ்மாயில் கொச்சிக்குப் போகவில்லை. 1981 ஜூலையில் பதவியை விட்டார். 62 வயது நிறைய இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போனார், கம்பனிடம் போனார். 2005-ல் காலமானார்.

இந்த மாறுதல்களையும் சுற்றறிக்கையையும் எதிர்த்த வழக்குகளை 7 நீதிபதிகள் சேர்ந்து விசாரித்து, 1981 டிசம்பர் 30 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து பிரிந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு பாட்னா தலைமை நீதிபதியின் மாறுதல் செல்லும் என்றது. நியமனத்திலும் கடைசிச் சொல் அரசுக்கே என்றது. சிங் சென்னைக்கு வந்து தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அவரும் விரும்பி வந்தவர் அல்ல, தன் மாறுதலை எதிர்த்து வழக்காடியவர்.

1993-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, நியமனத்திலும் மாறுதலிலும் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்று சொன்னது. கொலீஜியம் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, மூத்த நீதிபதிகள் குழு, அது அப்படி வந்ததுதான். 2014-ல் நாடாளுமன்றம் அதை மாற்றி ஓர் ஆணையம் அமைத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆக, இன்று மாறுதலைப் பரிந்துரைக்கும் பேனா நீதிபதிகள் கையிலேயே இருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 2019-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாற்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. 75 நீதிபதிப் பணியிடங்கள் உள்ள நாட்டின் பெரிய உயர் நீதிமன்றம் ஒன்றிலிருந்து, விரல் விட்டு எண்ணக்கூடிய நீதிபதிகள் உள்ள இடத்துக்கு. மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, ராஜினாமா செய்தார். மாறுதலுக்கு வலுவான காரணம் இருக்கிறது, அவசியம் ஏற்பட்டால் வெளியிடத் தயங்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்திலிருந்து அறிக்கை வந்தது. 2021-ல் இன்னொரு சென்னைத் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜியும் அதே மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். 200-க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் காரணம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்த இரண்டு மாறுதல்களும் சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நல்ல காரணமே இருந்திருக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்லாதவரை, நல்ல மாறுதலும் கெட்ட மாறுதலும் வெளியே நிற்கிறவன் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ‘நிர்வாக நலன் கருதி’ என்ற சொல்லை எழுதுவது அரசர் பேனாவா, அமைச்சர் பேனாவா, நீதிபதிகள் பேனாவா என்பதால் அந்தச் சொல்லின் பொருள் மாறிவிடாது.

இதனால் மாறுதலே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரே நீதிமன்றத்தில் அப்பா நீதிபதி, மகன் வக்கீல், மைத்துனன் வக்கீல் என்றிருந்தால் வழக்காட வருகிறவனுக்கு வயிறு கலங்கும். அங்கே மாறுதல் வேண்டும். நான் கேட்பது நம் ஆசிரியர்கள் எத்தனையோ காலம் போராடிப் பெற்றதைத்தான். விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அது எல்லோருக்கும் பொருந்தட்டும். விதிக்கு வெளியே ஒருவரை மாற்ற வேண்டியிருந்தால் காரணத்தை எழுதி அவரிடம் கொடுங்கள், அவர் பதிலைக் கேளுங்கள், பிறகு இரண்டையும் மக்கள் பார்க்க வையுங்கள். ஓர் இடைநிலை ஆசிரியரின் மாறுதலுக்குக் காலிப் பணியிடப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிற நாடு, தலைமை நீதிபதியின் மாறுதலுக்கு ஒரு பக்கம் காரணம் எழுத முடியாதா?

இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன். மாறுதல் பயம் காட்டி வளைப்பது போல, ஆசை காட்டி வளைப்பதும் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாளே அரசு தரும் பதவி நீதிபதிக்குக் காத்திருக்கிறது என்றால், அவர் நேர்மையாகவே தீர்ப்பு எழுதியிருந்தாலும் ஊர் நம்பாது. ஓய்வுக்கும் அடுத்த பதவிக்கும் நடுவே சில வருட இடைவெளி கட்டாயம் வேண்டும். ஓய்வூதியத்தைக் கூட்டிக் கொடுத்தாவது இதைச் செய்யலாம், நஷ்டமில்லை.

இதெல்லாம் மேலே உள்ளவர்கள் செய்ய வேண்டியவை. நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் நீதி வென்றது என்கிறோம், எதிராக வந்தால் ஜட்ஜை வாங்கிவிட்டார்கள் என்கிறோம். ஒரு நீதிபதி நியமனச் செய்தி வந்தால் முதலில் என்ன தேடுகிறோம்? என்ன சாதி, எந்த ஊர், யாருக்கு வேண்டியவர். நாமே இப்படித் தேடினால், அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவரைத் தேடுவதை எந்த முகத்தோடு குறை சொல்வது?

2003 ஜூலையை என்னோடு வேலை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்ப வழி செய்தது. அதே தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதியை நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் அன்று எங்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர், இப்படிச் சொன்னால் எனக்கு என்ன உத்தரவு வருமோ என்று யோசிக்கத் தொடங்கினால், நாம் போய் நிற்பதில் பொருள் இல்லை. சாதகமான நீதிபதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தன் வேலையைப் பற்றிக் கவலைப்படாமல் நம் வேலையைப் பற்றிக் கேட்கக்கூடிய நீதிபதி வேண்டும்.

பள்ளியில் நாம் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறோம். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட அரசன். சிலம்பின் பாண்டியன், தீர்ப்புப் பிழைத்ததும் உயிரை விட்ட அரசன். நானும் எத்தனையோ தரம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு கதையிலும் அரசனே நீதிபதி. அரசன் நல்லவனாக இருந்ததால் நீதி பிழைத்தது. அரசன் நல்லவனாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நீதிபதியின் கதை வேண்டும். அந்தக் கதை லண்டனிலும் இருக்கிறது, டெல்லியிலும் இருக்கிறது, நாகூரில் பிறந்து சென்னையில் நீதி சொன்ன ஒருவரிடத்திலும் இருக்கிறது.

இப்போது வகுப்பறைகளில் இருக்கும் என் மாணவர்களே, மனுநீதிச் சோழனுக்கு அடுத்த நாள் இஸ்மாயிலைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லுங்கள். சட்டம் படித்து விழுப்புரத்திலும் வானூரிலும் திண்டிவனத்திலும் கோட்டு மாட்டியிருக்கும் பிள்ளைகளே, நான் சொன்னதில் சட்ட நுணுக்கம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். சார் எழுதியதாயிற்றே என்று சும்மா தலையாட்ட வேண்டாம். மருமகனே, உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் குழுவில் கேட்காதே, இங்கேயே கேள். எல்லோரும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சார்,
கண்டமங்கலம்.